கார்மேகத்தின் லைசென்ஸ்

கார்மேகம் ஓட்டாத ஜப்பான் கார் கிடையாது. ஸ்கைலைன் ஓட்டியிருக்கிறான், சூப்ரா ஓட்டியிருக்கிறான், ஜப்பானில் பெரிய கம்பெனி முதலாளிகள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போகிற செல்சியரையும் ஓட்டியிருக்கிறான். ஊரில் இளவட்டங்கள் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து ஏங்குகிற வண்டிகள் அத்தனையும் அவன் கைக்கு அடங்கிப் போயிருக்கின்றன. எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவன் வேலை பார்க்கிற யார்டின் கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும், ஷெட்டிலிருந்து கழுவுகிற இடம் வரைக்கும். இரண்டாவது கியர் விழுந்து வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குவதற்குள் எதிரே சுவர் வந்து நிற்கும்.

அந்த யார்டு துபாயில், ராஸ் அல் கோர் பக்கம், பழைய கார் வியாபாரத்துக்கென்றே வேலி போட்டு ஒதுக்கிய இடத்தில் இருந்தது. ஜப்பானில் ஏலம் எடுத்த வண்டிகள் கப்பலில் வந்து இறங்கும். ஆப்பிரிக்காக்காரர்களும் பாகிஸ்தான்காரர்களும் வந்து பார்த்து, கதவை அடித்து, டயரை உதைத்து, பேரம் பேசி வாங்கிக்கொண்டு போவார்கள். கேட்டைத் தாண்டி வண்டி வெளியே போக வேண்டுமானால் அதற்குச் சுங்கக் காகிதம் வேண்டும், ஓட்டுகிறவனிடம் லைசென்ஸ் வேண்டும். கார்மேகத்திடம் லைசென்ஸ் இல்லை. காலையில் கம்பெனி வேன் அவனைக் கொண்டுவந்து கேட்டுக்குள் இறக்கும். சாயங்காலம் அள்ளிக்கொண்டு போய் ஷார்ஜாவில் ரூம் வாசலில் கொட்டும். நான்கு வருஷமாக இதுதான் அவன் கண்ட துபாய். அந்தப் பெரிய பெரிய கட்டடங்களை எல்லாம் வேன் கண்ணாடி வழியாகத் தூங்கி வழிந்துகொண்டே பார்த்திருக்கிறான்.

யார்டு வேலையை லேசாக நினைத்துவிடக் கூடாது. வெயிலில் நிற்கிற வண்டிகளுக்குத் தினமும் உயிர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும். ஒன்றை ஒன்று உரசாமல், நடுவில் ஆள் நுழைய முடியாத அளவுக்கு நெருக்கி நிறுத்த வேண்டும். சில நேரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கவே முடியாது. ஜன்னல் வழியாகத்தான் வெளியே குதிக்க வேண்டும். ஒரு கீறல் விழுந்தால் போச்சு. கார்மேகம் கீறல் விழ விட்டதில்லை. அதனாலேயே முதலாளிக்கு அவன்மேல் தனிப் பிரியம். அந்தப் பிரியத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். சில பேருடைய கோபத்தைக்கூடத் தாங்கிவிடலாம்.

முதலாளி செய்கு முகம்மது கீழக்கரைக்காரர். நல்ல மனிதர், இதை நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல மனிதர். நமக்கு விடியும்போது ஜப்பானில் நன்றாக வெயில் ஏறியிருக்கும், ஏலம் தொடங்கியிருக்கும். ஆகவே சுபுஹு தொழுதுவிட்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு வண்டியின் படம் வரும், விலை ஏறும், நகோயாவில் இருக்கும் ஏஜென்டோடு ஃபோனில் இரண்டே வார்த்தை, கலாஸ், முடிந்தது, வண்டி அவருடையது. ஆட்களுக்குச் சம்பளத்தை இழுத்தடித்ததில்லை. நோன்புக் கஞ்சியை எல்லோருக்கும் கொடுப்பார். யாரையும் 'டா' போட்டு அழைத்ததில்லை. ஒரே ஒரு பழக்கம்தான்: எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். "பொறுங்க தம்பி, பாப்போம்" என்பார். அந்தப் 'பாப்போம்' கட்டிப்போட்ட ஆள் எத்தனையோ. பாஸ்போர்ட்டுகள் எல்லாம் அவருடைய இரும்பு அலமாரியில் பத்திரமாக இருந்தன.

கார்மேகத்துக்குச் சொந்த ஊர் இலங்கையில், போகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அவனுடைய மனைவி சிவமலர் குவைத்தில், மங்காஃபில், ஒரு அரபி வீட்டில் வேலைக்கு இருந்தாள். அவள்தான் முதலில் கடல் தாண்டியவள். கல்யாணமாகி ஒரு வருஷம் சேர்ந்து இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். அவள் போனாள், பின்னாலேயே இவன் வந்தான். அவளுக்கு லீவு கிடைத்தபோது இவனுக்குக் கிடைக்கவில்லை. இவன் கேட்டபோது கப்பல் வந்து நின்றது, முதலாளி பாப்போம் என்றார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே வளைகுடாவில்தான் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத்தான் வழியில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபோன் கார்டு வாங்கிச் சுரண்டி, நம்பரை அழுத்தி, அவள் குரலைக் கேட்பான். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவன் பேச மாட்டான், அவள்தான் பேசுவாள்.

"இந்தாங்க, எனக்கு முப்பத்தஞ்சு ஆவப்போவுது. இன்னும் ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு போனா அப்புறம் டொக்டருகிட்ட போயும் பிரயோசனம் இல்ல."

"தெரியுது மலரு."

"தெரிஞ்சா சரி."

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் குரலே வேறாக இருந்தது. அந்த வீட்டு டிரைவர் மீரா சாகிப், அதிராம்பட்டினத்துக்காரர், வயதாகிவிட்டது, ஊரோடு போய்ச் சேரப் போகிறாராம். வேலைக்காரர்கள் அங்கே வீட்டு அம்மாவை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மாமா, உன் புருஷன் துபாயில் கார் வேலைதானே, கூட்டிக்கொண்டு வா, விசா நான் எடுக்கிறேன், பின்னால் இருக்கிற டிரைவர் ரூமில் இரண்டு பேரும் இருந்துகொள்ளுங்கள் என்று தானாகவே சொல்லியிருந்தாள். இப்படி ஒரு வாய்ப்பு யாருக்கு வாய்க்கும்? ஒரே ஒரு நிபந்தனை: வளைகுடா லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற வண்டி. புதிதாகப் பழகுகிறவனிடம் கொடுக்க மாட்டாள்.

"ஒங்களுக்கு என்னா கஷ்டம், நாளெல்லாம் காரோடதானே இருக்கீங்க," என்றாள் சிவமலர்.

கார்மேகம் அன்று ரூமுக்குள் கால் தரையில் படாமல் நடந்தான். ஒரு ரூம், ஒரு கட்டில், அதில் அவனுடைய பெண்டாட்டி. ஒரு மனிதன் ஆசைப்படக் கூடாததா இது?

லைசென்ஸுக்குப் போக வேண்டுமானால் கம்பெனி கடிதம் தர வேண்டும். இங்கேதான் அவன் தப்புப் பண்ணினான். முதலாளி அறைக்குள் போய் நின்றவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குவைத் என்று வாயைத் திறந்தால் கடிதத்துக்கே 'பாப்போம்' விழுந்துவிடும் என்று பயந்தான்.

"மொதலாளி, நான் லைசென்ஸ் எடுத்துட்டா கடைக்கும் நல்லதுதானே. போர்ட்டுக்குப் போக வர ஒதவும்," என்றான்.

செய்கு முகம்மதுவின் முகம் மலர்ந்துவிட்டது. "இத நீங்களா கேக்கணும்னுதான் தம்பி இத்தன நாளு இருந்தேன்," என்றார். அன்றைக்கே கடிதம் அடித்தார். டிரைவிங் ஸ்கூல் செலவு முழுக்கத் தன்னுடையது என்றார். வேண்டாம் மொதலாளி என்று இவன் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. கார்மேகம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். லைசென்ஸ் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், நல்ல மனிதர், புரிந்துகொள்வார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

முதல் டெஸ்ட்டில் மண்ணைக் கவ்வினான். பக்கத்தில் போலீஸ் அதிகாரி, பின்சீட்டில் அடுத்து ஓட்டக் காத்திருக்கும் இரண்டு பேர். இவனோ வருஷக்கணக்காக வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டியவன். ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம், நம் ஊரைப் போல. அமீரகத்தில் எல்லாம் இடது பக்கம். உட்கார்ந்த இடம் மாறினதும் அவனுக்கு வண்டியின் உடம்பே தெரியவில்லை. வலது கதவு எங்கே முடிகிறது என்று பிடிபடாமல் கோட்டை மிதித்தான். பார்க்க வேண்டிய கண்ணாடியை விட்டுவிட்டு வேறு கண்ணாடியைப் பார்த்தான். போதாததற்கு இரண்டாவது கியரைத் தாண்டாத யார்டு வேகம். "யல்லா, யல்லா", போ, போ என்று அதிகாரி சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

ரூமில் கூட இருக்கும் பாலகுரு, பரமக்குடிக்காரன், கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஏப்பா, சூப்ரா ஓட்டுறவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மானத்த வாங்கிட்டியே."

கார்மேகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டு மாறினதுதான் குற்றம் என்று அவனுக்குப் பட்டது. அதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே, அதை அந்த யார்டில் வேலை செய்கிறவனைத் தவிர வேறு எவனும் செய்ய மாட்டான். பக்கத்து ஷெட்டில் ஜப்பான் வண்டிகளுக்கு ஸ்டியரிங்கைக் கழற்றி வலதிலிருந்து இடதுக்கு மாற்றிக் கொடுப்பார்கள். சில நாட்டுக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அங்கே மாற்றி முடித்த ஒரு வெள்ளை செல்சியர் ஆள் வராமல் நின்றது. கார்மேகம் தினமும் வேலை முடிந்து வேன் வருவதற்குள் அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் போய்வந்தான். இடது பக்கம் உட்கார்ந்து, வலது ஓரத்தில் ஓட்டி, சிக்னல் போட்டுத் திரும்பி, கண்ணாடி பார்த்து, நிறுத்தி. வாரக்கணக்காக விடாமல் பழகினான். உடம்புக்கு வண்டி பிடிபட்டுவிட்டது. இந்தத் தடவை வாங்காமல் விடுவதில்லை என்று சிவமலரிடமும் சொல்லிவிட்டான்.

இரண்டாவது டெஸ்ட்டில் கோட்டை மிதிக்கவில்லை. கண்ணாடி சரியாகப் பார்த்தான். வேகமும் சரி. ரவுண்டானா வந்தது. அதிகாரி வலது பக்கம் கையைக் காட்டினார். கார்மேகம் பழகின கையால் சிக்னலைத் தட்டினான். எரித்துக் கொல்லும் வெயிலில், சொட்டு ஈரம் இல்லாத கண்ணாடியில், வைப்பர் இரண்டும் கறக் கறக் என்று எழுந்து ஆடத் தொடங்கின. பதறி அதை நிறுத்தப் போய் இன்னும் வேகமாக்கிவிட்டான். தண்ணீரும் பீய்ச்சியது. பின்சீட்டில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அதிகாரி வானத்தைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"மத்தர் மாஃபி," என்றார். மழை இல்லையே என்று அர்த்தம். அப்புறம் "கலாஸ்" என்றார்.

விஷயம் இதுதான். ஜப்பான் வண்டியில் சிக்னல் குச்சி ஸ்டியரிங்கின் வலது பக்கம், வைப்பர் இடது பக்கம். வெளியே ஓடுகிற வண்டிகளில் இது நேர் எதிர். ஸ்டியரிங்கை இடதுக்கு மாற்றுகிற மகராசன்கள் அந்தக் குச்சிகளை மாற்றுவதில்லை. அப்படியே அலாக்காகத் தூக்கி இடது பக்கம் வைத்துவிடுவார்கள். கார்மேகம் வாரக்கணக்காக உயிரைக் கொடுத்துப் பழகியது எல்லாம் தப்புக் குச்சியில். ஸ்கூல் வண்டியில் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து "இஷாரா, பாயி, இஷாரா" என்று சிக்னலுக்காகக் கத்தும்போது மட்டும் கை சரியாகப் போயிருக்கிறது. அவர் வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் கை தன் பழைய வீட்டுக்கே போய்விட்டது. அன்றைக்கு அவன் ஸ்கூல் வாசலில் குந்தி உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அறுத்துப் போடலாம் போலிருந்தது அவனுக்கு.

மீரா சாகிப் ஊருக்குப் போய்விட்டார். மாமாவின் புருஷனே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு வந்து, தினமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். சிவமலர் கெஞ்சிக் கூத்தாடி நாளை ஓட்டினாள். இவன் யார்டில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு, எப்போது மறுபடி தேதி கொடுப்பார்கள் என்று மண்டை காய்ந்தான். யார்டுக்குள் வேலை செய்தாக வேண்டும். செய்தால் கை வலதுக்குத்தான் போகும். பகலெல்லாம் ஜப்பான், சாயங்காலம் ஸ்கூல் வண்டியில் மட்டும் துபாய் என்றால் ஒரு கை எதைத்தான் கற்றுக்கொள்ளும்? கடைசியில் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து, சோற்றுத் தட்டைக் கழுவி ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, இடது விரல்களை மட்டும் அசைத்து அசைத்துப் பழகினான். மேல் கட்டிலிலிருந்து பாலகுரு தலையைத் தொங்கப்போட்டுப் பார்ப்பான்.

"எங்க போய்ட்டிருக்க? குவைத்தா?"

"ஆமா."

"நானும் வரேன். சால்மியா பக்கம் இறக்கி விட்டுரு."

கிண்டல் பண்ணினாலும் பாலகுருதான் எதிரே உட்கார்ந்து "ரைட்டு, லெஃப்டு, ரைட்டு" என்று சொல்லிப் பழக்கினான். சாப்பிடும் நேரம் தள்ளிப் போனாலும் அவன் முகம் சுளித்ததில்லை.

மூன்றாவது டெஸ்ட்டுக்குக் கார்மேகம் போனான். வேறொரு அதிகாரி. அதிகம் பேசாதவர். ரவுண்டானா வந்தது, இடது கை போனது, விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது. லேன் மாறச் சொன்னார், மாறினான். நிறுத்தச் சொன்னார், நிறுத்தினான். அவர் ஏதோ எழுதிவிட்டு "மப்ரூக்" என்றார். பாஸானவனுக்குச் சொல்கிற வாழ்த்து அது என்பதே கார்மேகத்துக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது. பின்சீட்டில் இருந்த வங்காளி முதுகில் தட்டின பிறகுதான் இறங்கினான். கண்ணெல்லாம் தண்ணீர்.

நேரே யார்டுக்கு வந்தான். சேதி அதற்கு முன்பே வந்திருந்தது. டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போன வேன் டிரைவர் ஃபோனில் சொல்லியிருக்கிறான். செய்கு முகம்மது மேஜைமேல் லட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். இவன் வாயில் ஒன்றைத் திணித்தார். புது பிக்கப்பின் சாவியை எடுத்து இவன் சட்டைப் பையில் போட்டார்.

"போர்ட்டுக்கு இனிமே நீங்கதான். போர்ட்டுக்குப் போய்ட்டிருந்த பழைய டிரைவரோட விசாவ நேத்துதான் கேன்சல் பண்ணினேன், உங்கள நம்பித்தான்," என்றார்.

கார்மேகம் லட்டை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னான். குவைத், மாமா, டிரைவர் ரூம், சிவமலருக்கு வயதாவது, குழந்தை. அவன் இவ்வளவு நீளமாக அந்த அறைக்குள் பேசினதே இல்லை. விசாவைக் கேன்சல் செய்து பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் போதும், காலுக்கும் கைக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றான்.

முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கொடுமை. முகம் வாடிப்போய் லட்டுப் பெட்டியை மூடினார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். "கடைக்கு நல்லதுன்னுதானே கேட்டீங்க. நான் உங்கள வேத்து மனுசனாவா நெனச்சேன்?"

"தப்புதான் மொதலாளி."

"தப்புன்னு சொல்லல. இப்ப அடுத்தடுத்து கப்பல் வருது. ஆள மாத்திப் பழக்குறதுன்னா லேசா? ஒரு ரெண்டு வருஷம் ஓட்டுங்க. நானே டிக்கெட் போட்டு அனுப்பி வைக்கிறேன்."

"ரெண்டு வருஷம் அவங்க காத்திருக்க மாட்டாங்க மொதலாளி. அவளும்..."

"பொறுங்க தம்பி," என்றார் செய்கு முகம்மது, மிகவும் அன்பாக. "பாப்போம்."

சட்டம் இருக்கிறது, போய் எழுதிக் கொடுக்க ஆபீஸ் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்கள் யாரும் அந்த லட்டைத் தின்றவர்கள் இல்லை. தன் செலவில் படிக்க வைத்த மனிதர்மேல், தான் பொய் சொல்லி ஏமாற்றின மனிதர்மேல், கார்மேகம் எந்த ஆபீஸில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பான்? அந்த மனிதர் கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட இவனுக்குக் கிளம்பிப் போகத் தைரியம் வந்திருக்கும்.

மறுநாளிலிருந்து கார்மேகம் கேட்டுக்கு வெளியே போனான். பிக்கப்பை எடுத்துக்கொண்டு போர்ட்டுக்கு, போர்ட்டிலிருந்து யார்டுக்கு, மறுபடி போர்ட்டுக்கு. அகலமான ரோடு, பக்கத்தில் கட்டடங்கள், மூன்றாவது கியர், நான்காவது, ஐந்தாவது. பாலகுரு கேட்டான், எப்படி இருக்கிறது என்று. "சும்மா போய்ட்டு வாரது" என்றான் இவன். நெஞ்சுக்குள் அவனுக்கு அந்த ரோடெல்லாம் எரிந்தது. இதே ரோட்டில் இப்படியே நேரே போனால் எல்லை, அதைத் தாண்டி இன்னொரு நாடு, அதற்கும் அப்பால் குவைத் என்று ஒரு லாரிக்காரன் சொன்னதிலிருந்து அவன் அந்தப் பக்கத்து ரோட்டுப் பலகைகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. டெஸ்ட் அந்த வாரம் என்று சிவமலருக்குத் தெரியும். நடுவில் அவளிடமிருந்து மிஸ்டு கால் வந்து வந்து நின்றதை இவன் எடுக்கவில்லை. ஃபோன் கார்டைச் சுரண்டி முடித்து, கடை வாசலில் நிழலில் நின்று, என்ன சொல்வதென்று யோசித்தான். பாஸ் ஆகிவிட்டேன் ஆனால் வர முடியாது என்று சொன்னால் அவள் விட மாட்டாள். ஏன் என்பாள், மாமாவைப் பேச வைப்பாள், முதலாளியையே கூப்பிட்டு அழுவாள். அப்புறமும் ஒன்றும் நடக்காது. நடக்காது என்று தெரிந்த பிறகு அவள் அந்த வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு எதை நினைத்துக்கொண்டு இருப்பாள்? அதற்குள் விரல் நம்பரை அழுத்திவிட்டது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னாங்க ஆச்சி?"

"இல்ல மலரு," என்றான் கார்மேகம். "இந்தத் தடவையும் ஃபெயில்."

அந்தப் பக்கம் குக்கர் விசில்தான் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தான்.

"சரி விடுங்க," என்றாள். அவள் அழவில்லை, இவனைத் தேற்றுகிற குரலாக இருந்தது அது. "கைதானே, பழகிரும். நான் ஒரு வேல பண்ணியிருக்கேன். புது ஆளுக்கு எழுதப்போறேன்னு மாமா சொன்னாங்க. நான் காலப் புடிச்சிக்கிட்டு விடல. ஸ்கூல் லீவு முடியுற வரைக்கும் பொறுக்குறேன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த ரூமக்கூட நான் கழுவி வச்சிருக்கேன். ஒரு பழைய மெத்த குடுத்தாங்க, வெயில்ல போட்டு எடுத்துருக்கேன்."

கார்மேகம் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நீங்க மனச விடாதீங்க," என்றாள் அவள். "ஒங்க டெஸ்ட் அன்னைக்கெல்லாம் நான் தண்ணிகூடக் குடிக்காம விரதம் இருக்கேன், தெரியுமா? வயித்து வலின்னு சொல்லி வச்சிருக்கேன். அடுத்தது எப்பன்னு சொல்லுங்க, அன்னைக்கும் இருக்கணும்."

பிக்கப் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த மாதத்தில் வாயில் வந்த ஒரு தேதியைச் சொன்னான். அவள் அதைத் திருப்பிச் சொல்லி, சரிதானே என்று கேட்டாள். சரிதான் என்றான்.